வாப்பா மல்லாந்து படுத்த நாள்

என் வாப்பாவுக்கு வந்த வருத்தத்தின் முதல் அடையாளம், அவர் படுப்பதை விட்டதுதான். இரவில் எழும்பிப் போய் முன்வாசல் படியில் குந்திக்கொண்டிருப்பார். என்ன வாப்பா என்று கேட்டால் புழுக்கம் என்பார். வேறொரு வீட்டு வாப்பா என்றால் அடுத்த நாளே டொக்டரிடம் கொண்டு போயிருப்பார்கள். எங்கள் வாப்பா வாழ்நாள் முழுக்க வெளியே கிடந்த மனிதர். அவர் வாசலில் இருந்தால் அது நோய் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

போன வாரம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு நோய் விசாரிக்கப் போனேன். இருதய நோயாளி. அவருடைய தலைமாட்டில் சின்னச் சின்னப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பார்த்தேன். அந்த வீட்டாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். போத்தல்களின் கதைக்குப் பிறகு வருகிறேன். வாப்பாவைத் தெரியாவிட்டால் அந்தக் கதையில் பாதி விளங்காது.

வாப்பா கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பிடவைக்கடையில் வேலை பார்த்தார். காலையிலிருந்து டியூப் லைட் வெளிச்சத்தில் நின்று சாரனும் சீத்தையும் அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கடையை விட்டு இறங்கிவிடுவார். மற்றவர்கள் கடை பூட்டும்வரை நிற்க, தான் மட்டும் முன்னதாகப் போவதற்காகக் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்தவர் அவர். உம்மா அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டினார். வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போய்விடுவார்.

வட்டை என்பது வயல்வெளி. மாவடிப்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காணி இருந்தது. வாய்க்கால் ஓரம் ஒரு மருத மரம், அதன் கீழே ஓலை வேய்ந்த ஒரு வாடி. வெள்ளாமையை வேறு ஆள்தான் செய்தார். வாப்பா அங்கே போவது வேலை செய்யவல்ல. வரம்பில் ஒரு நடை, வாய்க்காலில் ஒரு குளிப்பு, பிறகு மரத்தடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்தால் பொழுது பட்டு மக்ரிப் பாங்கு கேட்கும்வரை அப்படியே கிடப்பார். மல்லாந்து கிடந்து மேலே பார்ப்பதை அவர் ஒரு உத்தியோகமாகவே செய்தார்.

சின்ன வயதில் என்னையும் என் அக்காவான ராத்தாவையும் கூட்டிப் போவார். சைக்கிள் கம்பியில் நான், பின் கரியரில் ராத்தா. சாகாமம் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன மனிதர் இலங்கையிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். வட்டையில் அவருக்கு இரண்டு பக்கமும் நாங்கள் படுப்போம்.

"என்ன வாப்பா பாக்கீங்க?" என்று நான் கேட்பேன்.

"ஒண்டும் இல்ல புள்ள. அதான் நல்லாரிக்கி."

உம்மா இதற்கு நேர்மாறு. மக்ரிபுக்கு முன்னால் யன்னல் எல்லாம் சாத்திவிட வேண்டும், பனி பட்டால் சளி, காற்றுப் பட்டால் பிடிப்பு. வாப்பா முற்றத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, "இஞ்ச வந்து பாருகா, நிலா என்ன மாதிரி வந்திரிக்கி" என்று கூப்பிடுவார். "குசினியப் பூட்டிப் போட்டு வாறன்" என்று உம்மா உள்ளேயிருந்து சத்தம் வைப்பார். அடுப்பை அணைத்துக் குசினியைப் பூட்டுவார், முன்கதவையும் பூட்டுவார், போய்ப் படுத்துவிடுவார். ஒவ்வொரு நாளும் இதுதான் நடந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்து சேர்வான். வாப்பாவும் அப்படி உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். பிறகு ராத்தாவுக்கு வட்டைக் காணியையும் ஒரு வீட்டையும் கொடுத்தார், எனக்கு நாங்கள் இருந்த உம்மாவின் வீடு வந்தது. கடைசியில் அவருடைய பெயரில் மிஞ்சியது ஒரு சைக்கிள். உம்மாவும் வாப்பாவும் என்னோடுதான் இருந்தார்கள். "பொறந்தது உம்மாட வீட்ட, வந்தது பொஞ்சாதிட வீட்ட, இப்ப கிடக்கிறது மகள்ட வீட்ட" என்று வாப்பா சிரித்துச் சொல்வார். ராத்தாவின் கணவர் நல்ல மனிதர். "மாமா, காணி எனக்கு வந்தாலும் வாடி உங்கடதான்" என்று கலியாணத்தன்றே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக மச்சானை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

வாப்பா படுக்காமல் குந்தத் தொடங்கி, பிறகு கால் வீங்கியது. செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாகத் தெரியும். இருமல் வந்தது. ஆஸ்துமா முட்டு என்று நினைத்துப் பாணி மருந்து வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள் விடியமுன் சுபஹு தொழப் பள்ளிவாசலுக்குப் போனவர் பாதி வழியில் மதகில் உட்கார்ந்துவிட்டார். தொழப் போன பொடியன்மார் கைத்தாங்கலாகக் கொண்டு வந்து விட்டார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "கொஞ்சம் களைப்பு" என்று சொல்லக்கூட அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. என் கணவர் ஓட்டோவைக் கொண்டு வந்தார். உம்மா தொப்பியையும் காலுறையையும் தேடிக்கொண்டு நின்றார், வாப்பாவுக்குக் குளிருமாம்.

ஆஸ்பத்திரியில் முதலில் மூக்கில் ஒட்சிசன் வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் நெஞ்சின் கீழ்ப்பாதி வெள்ளையாகத் தெரிந்தது, அது நீர் என்றார்கள். பிறகு எக்கோ எடுக்க வேண்டும் என்றார்கள். எக்கோ என்பது இதயம் அடிப்பதைத் திரையில் பார்க்கிற பரிசோதனை. நெஞ்சில் பசை பூசி ஒரு கருவியை வைத்து உருட்டுவார்கள், நோவு ஒன்றும் இல்லை. நோவெல்லாம் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிற ஆளுக்குத்தான். வாப்பாவை உள்ளே கொண்டு போய்க் கதவைச் சாத்திய பிறகு நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்களை எல்லாம் வாசித்தேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, அதையும் வாசித்தேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண் ஒருத்தி தன் பையிலிருந்த தோடம்பழத்தை உரித்து என் கையில் வைத்தாள். பயம் என்றால் என்ன என்று எனக்கு அந்த வாங்கில்தான் தெரிந்தது.

பெரிய டொக்டர் எங்களுக்கு விளக்கினார். வாப்பாவுக்கு முன்னரே ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கிறது. வாப்பாவைப் போல நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சில நேரம் நெஞ்சு நோவே இல்லாமல் வந்து போகுமாம். அதில் இதயத்தின் ஒரு பகுதி பலம் இழந்துவிட்டது. இதயம் நின்றுவிடவில்லை, ஆனால் இரத்தத்தைத் தள்ளுகிற பலம் குறைவு. தள்ளாத இரத்தம் பின்னால் தேங்கும். தேங்கினால் நீர் கசிந்து நுரையீரலுக்குள்ளும் காலுக்குள்ளும் இறங்கும். படுத்தால் அந்த நீர் நெஞ்சு முழுக்கப் பரவி மூச்சை அடைக்கும். அதனால்தான் வாப்பா குந்திக்கொண்டிருந்திருக்கிறார்.

வாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப டொக்டர் படுக்கலாம்?"

"படுத்துத்தானே இரிக்கீங்க?"

கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி, அதன் மேல் நாலு தலையணை அடுக்கியிருந்தது. வாப்பா அதைத் தட்டிக் காட்டினார்.

"இது கதிரை மகன். நான் கேட்டது படுக்கிறத. மல்லாந்து. எங்கட வட்டையில."

டொக்டர் சிரித்துவிட்டார். "சரி. தலகணி ஒண்டும் இல்லாம ஒரு இரவு படுத்துக் காட்டுங்க. அடுத்த நாளே வீட்ட போகத் துண்டு வெட்டுறன், வட்டைக்கும் போகலாம்."

வாப்பா கையை நீட்டினார். டொக்டரும் கை கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தலையணைதான் கணக்கு. காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் முதலில் பார்ப்பது எத்தனை தலையணை இருக்கிறது என்பதைத்தான்.

மருந்து ஊசியில் போனது. உடம்பில் தேங்கிய நீரைச் சலமாக, அதாவது சிறுநீராக, வெளியேற்றுகிற மருந்து. உப்பு அறவே கூடாது. தண்ணீர், தேத்தண்ணி, கஞ்சி எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீர் இறங்குகிறதா என்று பார்க்க ஒவ்வொரு காலையும் தராசில் ஏற்றி நிறை பார்ப்பார்கள். சிறுநீரகத்துக்கு இந்த மருந்து கொஞ்சம் சுமை, அதனால் இரத்தமும் அடிக்கடி எடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் தம்பிலுவில்லைச் சேர்ந்த ஒரு மீனவர் இருந்தார். அவருடைய கட்டில் யன்னலோரம். வாப்பா கழுத்தை எக்கி எக்கி வெளியே பார்ப்பதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர், மறுநாள் தன்னுடைய சாமான்களைச் சுருட்டிக்கொண்டு எழும்பி, வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "காக்கா, நீங்க இஞ்சால வாங்க. நான் கடல் காத்துக் குடிச்ச குடிக்கு எனக்கு இன்னும் பத்து வருசத்துக்குக் காணும்" என்றார். தாதி மிஸ்ஸும் சம்மதித்தாள். காரைதீவுப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம், கை நல்ல மென்மை.

யன்னல் கிடைத்தும் பிரச்சினை தீரவில்லை. வாப்பா திறப்பார், உம்மா சாத்துவார். ஒரு நாள் மிஸ் இதைக் கண்டுவிட்டாள்.

"அம்மா, அத ஏன் பூட்டுறீங்க?"

"காத்துப் படும் புள்ள. நெஞ்சுக்குள்ள சளி."

"அது சளி இல்லம்மா, தண்ணி. மூச்சு முட்டுறவங்களுக்கு முகத்தில காத்துப் பட்டா முட்டுக் குறையும். எங்களுக்குப் படிப்பிச்ச விசயம் இது."

வாப்பா உம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நாற்பது வருட வழக்கில் தீர்ப்பு வந்த மனிதனின் பார்வை. உம்மா முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

முதல் நாட்களில் நிறை நன்றாக இறங்கியது. கால் வற்றி எலும்பு தெரிந்தது. நாலு தலையணை மூன்றாகி இரண்டாகியது. வாப்பா வருகிறவர்களிடம் எல்லாம் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு இறக்கம் நின்றது. இரண்டு நாள் நின்று, மூன்றாம் நாள் நிறை ஏறியது. மறுபடி மூன்று தலையணை. டொக்டர் மருந்தைக் கூட்டினார். அப்படியும் இறங்கவில்லை. கால் மறுபடி பொங்கத் தொடங்கியது.

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். மருந்தைக் கூட்டிக்கொண்டே போக முடியாது, சிறுநீரகம் களைத்துவிடும் என்றார். இதயம் தாங்குகிற அளவைக் கடந்துவிட்டதோ என்று ஐயமாக இருக்கிறது, மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டி வரலாம், வீட்டில் ஆட்களிடம் சொல்லி வையுங்கள் என்றார். "சொல்லி வையுங்கள்" என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நான் ஆட்கள் புழங்காத ஒரு மூலையாகத் தேடிப் போய் அழுதேன். அழுதுகொண்டே, வாப்பாவை இனி ஒரு தரமாவது வட்டையில் படுக்க வைக்க முடியாதா என்றுதான் நினைத்தேன். அவர் பிழைப்பாரா என்று நினைக்கிற துணிச்சல் வரவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் நோயாளி பார்க்கிற நேரம். நோய் விசாரிக்கப் போவது எங்கள் ஊரில் கடமை. வாசல் திறந்ததும் ஊரே உள்ளே வரும். ஆளுக்கொரு பை, பையில் அப்பிள், தோடை, விசுக்கோத்து. நான் வெளியே மருந்து வாங்கப் போய்விட்டு வந்தபோது வாப்பாவின் கட்டிலைச் சுற்றி நெருங்க முடியாத கூட்டம். அழுத முகத்தோடு போக மனமில்லாமல் வார்ட் வாசலில் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். எப்போதும் கட்டிலோரம் இருந்தே பார்த்த கூட்டத்தை அன்றுதான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

பிடவைக்கடை ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். மூடியில் ஊற்றி நீட்டினார். வாப்பா பிஸ்மி சொல்லிக் குடித்தார். ஹாஜியார் நகர, பின் ஒழுங்கை மாமி வந்தார். அவரிடமும் ஒரு போத்தல். ஒரு முடறு. அடுத்தவர் மௌலவியிடம் யாசீன் ஓதி வாங்கி வந்திருந்தார். ஒரு முடறு. ராத்தா உம்ராவுக்குப் போய்க் கொண்டு வந்த ஸம்ஸம் தண்ணீரை ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். கூட்டம் கலைந்த பிறகு உம்மா இரண்டு பக்கமும் பார்த்தார், தலையணைக்குக் கீழே கையை விட்டுத் தன்னுடைய போத்தலை எடுத்தார்.

குர்ஆன் வசனத்தை ஓதி ஊதின தண்ணீரை நாங்கள் ஓதின தண்ணி என்போம். நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்போம். ஸம்ஸம் மக்காவிலிருந்து வருவது. இதை எல்லாம் மருந்தென்றுதான் நினைப்போமே தவிர, தண்ணீர் என்று எங்களில் ஒருவரும் நினைப்பதில்லை.

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என்னுடைய கைப்பைக்குள் என் மாமியார் ஓதித் தந்த போத்தல் இருந்தது. காலையில்தான் ஒரு முடறு கொடுத்திருந்தேன்.

"அக்கா, இது எத்தின நாளா நடக்குது?"

"வந்த நாள்ல இருந்து மிஸ். ஆனா ஆக்கள் கூடினது இப்பதான்."

அவள் போய்க் குனிந்து கட்டிலோர அலுமாரியைத் திறந்தாள். உள்ளே போத்தல்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு பை நிறையப் போத்தல்கள். "கடவுளே!" என்று தலையில் கை வைத்தாள். "நான் இஞ்ச ஒரு லீட்டரக் காவல் காக்கிறன். நீங்க எல்லாரும் சேர்ந்து மடையத் திறந்து விட்டிருக்கிறீங்க."

அன்றைக்கு விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான், அதுவும் ஒரு முடறுதான் என்று நினைத்திருந்தோம். இரவில் துணைக்கு நின்ற என் கணவரும் கொடுத்திருக்கிறார். "மாமாதான் கேட்டார்" என்றார் அப்பாவியாக. நான் வாப்பாவிடம் போய் நின்றேன்.

"கேட்டீங்களா வாப்பா?"

"தாகம் புள்ள. வெறும் தண்ணி கேட்டா தர மாட்டீங்க. ஸம்ஸம் எண்டா ஆருக்கும் இல்ல எண்டு சொல்ல ஏலா." ஒரு மூச்சு எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஓதின தண்ணியும் அந்த லீட்டருக்குள்ள வருமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. டொக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப இதயம் தாங்காம இல்ல. அல்ஹம்துலில்லாஹ்! இதக் கண்டுபிடிக்க நான் இன்னும் என்ன டெஸ்ட் எடுக்கிற எண்டு யோசிச்சிட்டு இரிக்கன்" என்றார்.

கஷ்டப்பட்டது உம்மா. கதிரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். "அல்லாட கலாமால, ஓதினதால அவருக்கு வருத்தம் கூடினதா? அப்பிடிச் சொல்லாதீங்க புள்ள, அப்பிடிச் சொல்லாதீங்க." மிஸ்தான் பக்கத்தில் குந்தி உம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஓதினதால கூடல்ல. தண்ணியாலதான் கூடினது. எங்கட கோயில் தீர்த்தமெண்டாலும் நான் இதத்தான் சொல்லுவன். எங்கட சித்தப்பாவுக்கும் இளநி குடுத்தே காலை வீங்க வெச்சவங்க எங்கட ஆக்கள்."

உம்மா கண்ணைத் துடைக்கவில்லை. வாப்பா கட்டிலிலிருந்து கூப்பிட்டார்.

"வாகா இஞ்ச. குடிக்கத்தானே ஏலா. முகத்தில தடவு. தடவிப் போட்டு விசுக்கு. மிஸ்தானே சொன்னவ, காத்துப் பட்டா நல்லமெண்டு."

உம்மா எழும்பிப் போனார். போத்தலிலிருந்து விரல் நனைத்து வாப்பாவின் நெற்றியில், கண்ணில், கன்னத்தில் தடவினார். பிறகு எக்ஸ்ரே போட்டிருந்த பெரிய உறையை எடுத்து விசிறினார். ஆயுள் முழுக்கக் காற்றைச் சாத்தி வைத்த உம்மா, அந்த யன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, கை நோகும்வரை விசிறினார். வாப்பா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

அதன் பிறகு வருகிறவர்கள் எல்லோருக்கும் உம்மாதான் காவல். போத்தலோடு வந்தால் ஆளைக் கட்டிலோரம் விடுவார், ஒரு விரல் நனைத்து நெற்றியில் தடவ விடுவார், மிச்சத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார். ஹாஜியாருக்கும் அதே சட்டம்தான். ஓதின தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது, கால் படாத இடத்தில் மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும். "அத நான் பாத்துக்கிறன். மருதுக்கு ஊத்துவம்" என்றார் வாப்பா. நோய் விசாரிக்க வந்த ஒருவர் மருதம்பட்டையை அவித்துக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்றபோது, "வேணாம், இந்தத் தரம் மரம் குடிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினார்.

நிறை இறங்கியது. இரண்டு தலையணை, ஒன்று, பிறகு ஒரு காலை நான் போனபோது தலையணைகள் எல்லாம் கதிரையில் கிடந்தன. வாப்பா கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். என் கணவர் பக்கத்தில் தூங்காத கண்ணோடு நின்று, "இரவெல்லாம் மாமா படுத்தார். நான்தான் படுக்கல்ல, மூச்சு வருதா எண்டு பாத்திட்டு இருந்தன்" என்றார். அந்த மனிதரை நான் வீட்டில் எவ்வளவு ஏசியிருப்பேன்! அன்றைக்கு ஏச மனம் வரவில்லை. டொக்டர் சொன்ன சொல் தவறாமல் துண்டு வெட்டினார். தம்பிலுவில் மீனவர் எழும்பி வந்து வாப்பாவைக் கட்டிப் பிடித்து வழியனுப்பினார். தன் பழைய கட்டிலுக்கு அவர் திரும்பிப் போனாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.

வீட்டில் வாப்பாவுக்காக ஒரு அறையைத் துப்பரவாக்கி வைத்திருந்தேன். அவர் எட்டிப் பார்த்து, "நல்லாரிக்கி மகள்" என்றார், அவ்வளவுதான். அடுத்த நாள் அஸரோடு ஓட்டோவில் வட்டைக்குப் போனோம். வாப்பாவும் நானும் உம்மாவும் பின்னால். காலடியில் போத்தல் பை கலகலவென்று சத்தம் போட்டது. உம்மா மடியில் இரண்டு தலையணை. மச்சான் முன்னதாகப் போய் மரத்தடியைக் கூட்டிப் பாய் விரித்திருந்தார். வெள்ளாமை கதிர் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம், வட்டை முழுக்கப் பச்சை.

வாப்பா முதலில் மரத்தின் வேரில் உட்கார்ந்து போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினார். "இது ஹாஜியார்ர. இது பின் ஒழுங்க மாமிட. இது ராத்தாட ஸம்ஸம், நல்லாக் குடி." ஒரு போத்தலை மட்டும் உம்மா விடவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு பாய்க்கு வந்தார். கையை ஊன்றினார், ஒரு பக்கமாகச் சாய்ந்தார், மெதுவாக முதுகைத் தரையில் வைத்தார். உம்மா தலையணைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே இருந்தார். நான் வாப்பாவின் நெஞ்சைப் பார்த்தேன், ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இருமல் வரவில்லை. கண் திறந்திருந்தது.

"என்ன வாப்பா பாக்கீங்க?"

"ஒண்டும் இல்ல புள்ள," என்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டு, "அதான் நல்லாரிக்கி."

எனக்கு அழுகை வந்தது. அது வேறு வகை அழுகை, மூலை தேடவில்லை. வாப்பா கையால் பாயைத் தட்டி, "நீயும் வாகா, படுத்துப் பாரு" என்று உம்மாவைக் கூப்பிட்டார். "வீட்ட போய்க் குசினியப் பூட்டனும், கெதியா ஒழும்புங்க" என்றார் உம்மா. வாப்பா சிரித்தார்.

அதன் பிறகும் நாங்கள் நினைத்ததைவிட அதிக நாள் இருந்தார். நல்லாயிருந்த பின்னேரங்களில் எல்லாம் வட்டைக்குப் போனார். அறுவடை முடிந்து வட்டை வெறுமையாகக் கிடந்த காலத்தில், ஒரு காலை, சுபஹு தொழுதுவிட்டு முற்றத்துக் கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லை. நாங்கள் ஓடிப் போனபோது மூச்சு மெல்லியதாக இருந்தது. உம்மா அந்தப் போத்தலை எடுத்து வந்து அவருடைய உதட்டில் ஊற்றினார். அன்றைக்கு நாங்கள் யாரும் அளவு பார்க்கவில்லை.

அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. கடற்கரைப் பக்கம் மையவாடி. திரும்பி வந்த என் கணவரிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்ல மணல். காத்து நல்லா வருது" என்றார். அதைத்தான் நான் கேட்க விரும்பினேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

உம்மா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். உம்மாவுக்கு அது கஷ்டமாக இருக்காது என்று நினைத்தேன், அவர் எப்போதுமே வீட்டுக்குள் இருந்த மனுசிதானே. ஆனால் அந்த நாட்களில் அவருடைய அறை யன்னல் ஒரு இரவுகூடச் சாத்தவில்லை. நுளம்பு வந்து கடிக்கும் என்று நான் சாத்தப் போனால், "வெய்யி புள்ள, அப்பிடியே இரிக்கட்டும்" என்பார்.

இத்தா முடிந்த அன்று முதலில் எங்கே போகலாம் உம்மா என்று கேட்டோம். ராத்தா தன் வீட்டுக்கு என்றார். உம்மா, வட்டைக்கு என்றார்.

அந்தப் போத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உம்மா மருத மரத்தின் வேரில் அதை ஊற்றினார், மூடியைத் திருகிப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "அவர் படுத்தது எங்க?" என்று கேட்டார். காட்டினேன். பாயை விரிக்கச் சொன்னார். விரித்தேன். என் உம்மா வெளியே படுத்து நான் பார்த்ததே இல்லை. முந்தானையைத் தலையில் நன்றாக இழுத்துவிட்டு, கையை ஊன்றி, வாப்பா சாய்ந்த மாதிரியே மெதுவாகச் சாய்ந்து மல்லாந்து படுத்தார்.

கண்ணோரத்தால் வழிந்து காதுக்குள் போனதைத் துடைக்கவில்லை.

"என்ன உம்மா தெரியிது?" என்றேன்.

உம்மா மேலே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"குசினியப் பூட்டிப் போட்டு வந்துட்டன்."